ஸ்ட்ரீக் 212 நாள், ஆனா ஃபோன் அடிச்சா எடுக்க மாட்டேங்கறாங்க

கேள்வி: வணக்கம் சார். நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து ஒரு மொபைல் ஆப் பண்றோம், வெளிநாட்டுல போய் படிக்கற மாணவர்கள் இங்கிலீஷ் கத்துக்கறதுக்கு. நான் டிசைன், அவன் கோடிங். தினம் 10 வார்த்தை, கிராமர் க்விஸ், ஸ்ட்ரீக் (விடாம எத்தன நாள் ஆப்ப தொறந்தாங்கங்கற கணக்கு), லீடர்போர்டு, ஏஐ கூட சாட், உச்சரிப்புக்கு மார்க், இப்படி ஒரு லிஸ்ட் வெச்சிருக்கோம். 31 ஸ்க்ரீன் வரைஞ்சு முடிச்சாச்சு. 12 மாணவர்கள்ட்ட காட்டினோம், எல்லாருமே சூப்பர்னு சொன்னாங்க. ஆறு மாசத்துல வெளியிடணும்னு ப்ளான். எதுல ஆரம்பிக்கலாம், ஆப் எழுதற டூல் ஃப்ளட்டரா ரியாக்ட் நேட்டிவா, எந்த எடத்துல சொதப்புவோம்னு கொஞ்சம் சொல்லுங்க சார்.

பதில்: வணக்கம் தம்பி. ஈசியான கேள்விய முதல்ல முடிச்சிடறேன். ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ, உங்க ஃப்ரெண்டுக்கு எது கைவந்ததோ அதுலயே பண்ணச் சொல்லுங்க, உங்க ஆப் ஓடறதும் ஓடாததும் அதுல இல்ல. 31 ஸ்க்ரீன்னு படிச்சப்பதான் எனக்கு பக்குனு ஆச்சு. நான் பதினாலு வருஷமா படிப்பு சம்பந்தமான ஆப்களுக்கு டிசைன் பண்றேன், அதுக்கு முன்னாடி நாலு வருஷம் இங்கிலீஷ் வாத்தியார் வேல பாத்தேன், அந்த ரெண்டு வேலைலயும் பண்ண தப்ப எல்லாம் சேத்து வெச்சுத்தான் இத எழுதறேன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல, இந்த ஆப் யாருக்குங்க? வெளிநாட்டுல படிக்கற மாணவர்னு ஒரே வார்த்தைல எழுதிட்டீங்க. அட்மிஷன் வாங்கினவங்கள்ல முக்கால்வாசிப் பேரு ஐஇஎல்டிஎஸ்ஸோ டோஃபலோ எழுதி, கேட்ட மார்க்க வாங்கிட்டுத்தான் உள்ளயே வந்திருப்பாங்க. அவங்ககிட்ட போய் 'ஆப்பிள்னா என்ன, படத்த தொடுங்க'னு ஆரம்பிச்சா ரெண்டாவது நாளே அன்இன்ஸ்டால். ஐரோப்பிய கவுன்சில் 2001ல வெளியிட்ட அளவுகோல் ஒண்ணு இருக்கு, ஏ1ல இருந்து சி2 வரைக்கும் ஆறு படி, உங்க ஆளு அதுல பெரும்பாலும் பி2 பக்கத்துல நிப்பாங்க. அதாவது நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவங்க. அப்புறம் ஏன் க்ளாஸ்ல வாயே தொறக்க மாட்டேங்கறாங்க?

அவங்க எழுதின பரீட்சைய ஒரு தடவ உத்துப் பாருங்க. ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங் மொத்தமே 11ல இருந்து 14 நிமிஷம், எதிர்ல ஒரே ஒரு ஆளு, அவரு வேலையே உங்கள பேச வெக்கறது. செமினார்ல ஆறு பேர் உக்காந்திருப்பாங்க, ஒருத்தர் முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் ஆரம்பிப்பார், நம்மாளு மனசுக்குள்ள வாக்கியத்த கோத்து முடிக்கும்போது டாபிக்கே மாறிடும். லிசனிங் பரீட்சைல ஆடியோ ஒரு தடவதான் ஓடும்னாலும் கேள்வி முன்னாடியே கைல இருக்கும், எத தேடிக் கேக்கணும்னு தெரியும். லெக்சர் ஹால்ல அப்படி யாரும் கேள்வித்தாள் குடுத்துட்டு பேச ஆரம்பிக்க மாட்டாங்க, அதுவும் அம்பது நிமிஷம்.

ஜிம் கமின்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1979லயே ஒரு பிரிவு சொன்னார், அன்றாடம் புழங்கற மொழி வேற, பாடத்துக்கான மொழி வேற, ரெண்டும் ஒரே வேகத்துல வராதுனு. அவர் பாத்தது புலம்பெயர்ந்து வந்த குழந்தைங்கள, அவங்களுக்கு விளையாட்டு மைதானத்து இங்கிலீஷ் சீக்கிரம் வந்துடும், பாடப்புத்தக இங்கிலீஷ்தான் வருஷக்கணக்கா இழுக்கும். நான் பாத்த காலேஜ் மாணவர்கள்ல நெறைய பேருக்கு இது அப்படியே தலைகீழ். ரிசர்ச் பேப்பர கடகடனு படிப்பாங்க, பக்கத்து சீட்டுக்காரன் அடிச்ச ஜோக் புரியாது. வீட்டு ஓனர் ஃபோன்ல ஹீட்டர பத்தி ஏதோ கேப்பார், அதுக்கு பதில் சொல்லத் தெரியாது.

அந்த ஃபோன் விஷயம் சும்மா உதாரணத்துக்குச் சொல்லல. சில வருஷம் முன்னாடி ஒரு மாணவிய உக்கார வெச்சு ஆப் டெஸ்ட் பண்ணிட்டு இருந்தோம். வேற ஒரு மொழி ஆப்ல அவங்களுக்கு 212 நாள் ஸ்ட்ரீக், பெருமையா காட்டினாங்க. அப்ப அவங்க ஃபோன் அடிச்சுது, ஸ்க்ரீன்ல வீட்டு ஓனர் பேரு. எடுக்கல. அது அடிச்சு ஓயற வரைக்கும் கையிலயே வெச்சு பாத்துட்டு இருந்தாங்க, ஓய்ஞ்சதும் 'ஸாரி ஐ வாஸ் இன் க்ளாஸ், ப்ளீஸ் டெக்ஸ்ட்'னு மெசேஜ் தட்டினாங்க, தட்டிட்டு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. எங்க கேள்வித்தாள்ல இருந்த எந்தக் கேள்விக்கும் கெடைக்காத பதில் அந்த அரை நிமிஷத்துல கெடச்சுது.

அதுக்கப்புறம் நான் மாத்திக்கிட்டது இதுதான். ஆப்க்குள்ள எத்தன நிமிஷம் இருந்தாங்கங்கறத அளக்கறத விட்டுட்டேன். ஆப்ப மூடிட்டு வெளிய போய் ஒரு மனுஷன்ட்ட பேசினாங்களா, அத மட்டும் எண்ண ஆரம்பிச்சேன். நீங்களும் உங்க லிஸ்ட்ட எடுத்து ஒவ்வொரு ஃபீச்சரா இந்தக் கேள்விய கேளுங்க, இது அந்தப் பொண்ண அந்த ஃபோன எடுக்க வெக்குமா? லீடர்போர்டு வெக்குமா? தினம் 10 வார்த்தை வெக்குமா? ஸ்ட்ரீக்ல தப்பு ஒண்ணும் இல்ல, தொறக்கற பழக்கம் வரும், ஆனா அது பழக்கத்துக்குத்தான் மார்க் குடுக்கும், அதுலயே திருப்தி ஆயிடுவாங்க. வேணும்னா கடைசில சேத்துக்கோங்க, லீடர்போர்ட மட்டும் இப்பவே தூக்கிடுங்க. ஏற்கனவே க்ளாஸ்ல கடைசி ஆளா ஃபீல் பண்றவங்களுக்கு ஃபோன்லயும் ஒரு ரேங்க் லிஸ்ட் எதுக்கு?

சரி, எதுல ஆரம்பிக்கறது? ஒரே ஒரு சந்தர்ப்பம். ஒண்ணே ஒண்ணு. நானா இருந்தா 'சூப்பர்வைசரையோ ப்ரொஃபசரையோ நேர்ல போய் பாத்து ஏதாவது கேக்கறது'ங்கறத எடுப்பேன், ஏன்னா எந்த நாட்டுல எந்த கோர்ஸ் படிச்சாலும் இது வந்தே தீரும், தள்ளிப்போட்டா மார்க்குல அடிக்கும், ஆனா அஞ்சு நிமிஷத்துல முடியற விஷயம்.

ஸ்க்ரீன் எப்படி இருக்கும்னு சொல்றேன், கூடவே வரைஞ்சு பாருங்க. தொறந்ததும் மூணு கேள்வி, யாரப் பாக்கப் போறீங்க, என்ன வேணும், எப்ப. அவங்க தட்டறது ப்ரொஃபசர், ஒரு வாரம் டைம் கூட வேணும், நாளைக்கு காலைல பத்து மணி. அடுத்து, இதே விஷயத்த மூணு வேற வேற ஆளுங்க கேட்ட மாதிரி மூணு ஆடியோ, ஒவ்வொண்ணும் இருவது செகண்டுக்குள்ள. ஒருத்தர் சுத்தி வளைச்சு கேப்பார், ஒருத்தர் நேரா கேப்பார், ஒருத்தர் தடுமாறித் தடுமாறி கேப்பார் ஆனா காரியம் முடிஞ்சிடும். அந்த மூணாவது ஆடியோவ தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, தடுமாறினாலும் வேல நடக்கும்னு காதால கேக்கறது பெரிய தைரியம். அப்புறம் மைக் பட்டன், அவங்களே சொல்லிப் பாக்கறாங்க, ஆப் அத திருப்பிப் போட்டுக் காட்டுது, மார்க் கீர்க் எதுவும் கெடையாது.

இதுவரைக்கும் யாரு வேணா பண்ணிடுவாங்க. அடுத்த ஸ்க்ரீன்லதான் சரக்கே இருக்கு. ப்ரொஃபசர் திருப்பிக் கேக்கறார், 'ஹவ் மச் ஹேவ் யூ காட் ஸோ ஃபார்?' அவ்ளோதான், நம்மாளு சீட்டுக் கிழிஞ்சுது. ஏன்னா எல்லாருமே முதல் வாக்கியத்த மனப்பாடம் பண்ணிட்டுத்தான் கதவத் தட்டறாங்க, கவுக்கறது ரெண்டாவது வாக்கியம். எதிராளி என்ன கேப்பார்னு தெரியாது, கேட்டாலும் அந்த வேகத்துல புரியாது, புரிஞ்சாலும் பதில் ரெடியா இல்ல. அதனால உங்க ஆப் இந்த ரெண்டாவது, மூணாவது திருப்பத்துலதான் பயிற்சி குடுக்கணும், ஒவ்வொரு தடவையும் வேற வேற கேள்விய போடணும், நடுவுல ஒரு தடவ புரியாத மாதிரி வேகமாவே பேசணும்.

அந்த எடத்துல அவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா, தலையாட்டுவாங்க. நாலு வருஷம் வாத்தியாரா இருந்து நான் பாத்ததுல புரியாம தலையாட்டற நோய்தான் பெரிய நோய். 'ஸாரி, குட் யூ சே தட் அகெய்ன்'னு கேக்கலாம்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அத ரெண்டு தடவைக்கு மேல கேக்க கூச்சம். அதவிட நல்லா வேல செய்யறது புரிஞ்ச வரைக்கும் சொல்லிட்டு புரியாத துண்ட மட்டும் கேக்கறது, 'யூ வான்ட் தி ட்ராஃப்ட் பை ஃப்ரைடே, அண்ட் தி அதர் திங் வாஸ்?' இப்படி. இந்த மாதிரி ஒரு ஏழெட்டு வாக்கியம் இருக்கு, இத நாக்குல ஒட்ட வெச்சுட்டீங்கன்னா உங்க 31 ஸ்க்ரீன்ல பாதிக்கு வேலையே இல்ல.

மீட்டிங் முடிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு நோட்டிஃபிகேஷன். 'போனீங்களா?' மூணு பட்டன்: பேசிட்டேன், போனேன் ஆனா கேக்கல, போகல. மூணாவத தட்டினா திட்டவும் கூடாது, அழற பொம்மை எதுவும் காட்டவும் கூடாது, அடுத்த தேதி மட்டும் கேளுங்க. உங்க ஆப் ஜெயிக்குதா இல்லையானு இந்த மூணு பட்டன் சொல்லிடும், டவுன்லோட் கணக்கு சொல்லாது.

நேர்ல பேசறதுல இன்னொரு கண்ணி இருக்கு, எல்லா வார்த்தையும் புரியும், அர்த்தம் மட்டும் புரியாது. என் மாணவர் ஒருத்தர்கிட்ட அவர் சூப்பர்வைசர் 'யூ மைட் வான்ட் டு ஹேவ் அனதர் லுக் அட் தி இன்ட்ரொடக்ஷன்'னு சொல்லியிருக்கார். இவர் அத 'வேணும்னா பாத்துக்கோ'னு எடுத்துக்கிட்டு, நமக்கு வேணாம்னு விட்டுட்டார். ரெண்டு வாரம் கழிச்சு அதே இன்ட்ரொடக்ஷன பாத்து சூப்பர்வைசருக்கு கோவம், இவருக்கு ஏன் கோவம்னே புரியல. மைட் வான்ட் டுனா அங்க 'மாத்து'னு அர்த்தம். 'தட்ஸ் இன்ட்ரஸ்டிங்'னு சொல்லிட்டு அதுக்கு மேல எதுவுமே சொல்லலன்னா பல நேரம் அது பாராட்டே இல்ல. டிக்ஷனரில இது கெடைக்காது, நீங்க தனியா உக்காந்து சேகரிக்கணும், சீனியர் மாணவர்கள்ட்ட கேட்டா அள்ளிக் கொட்டுவாங்க.

வார்த்தைக்கு வரேன். தினம் 10 வார்த்தைனு போட்டிருக்கீங்களே, எந்த பத்து? அவெரில் காக்ஸ்ஹெட் 2000ல வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட்ல 570 சொற்குடும்பம் (ஒரே வேர்ல இருந்து வர்ற வார்த்தைகள ஒண்ணா எண்றது) இருக்கு. மைக்கேல் வெஸ்ட் 1953ல போட்ட ரெண்டாயிரம் அடிப்படை வார்த்தைகள கழிச்சுட்டு, எல்லா பாடத்துக்கும் பொதுவா வர்றத மட்டும் எடுத்தது, கல்லூரிப் பாட எழுத்துல சுமார் பத்துல ஒரு பங்கு இந்த லிஸ்ட்டுதான். ஆக அகராதிய பொரட்டி அழகான வார்த்தையா பொறுக்க வேண்டியதில்ல, ஏற்கனவே ஒரு ஆரம்பம் இருக்கு. ஆனா அத அப்படியே கார்டா போட்டுத் தள்ளிடாதீங்க. மாணவர் அவரோட லெக்சர் ஸ்லைடையோ கேள்வித்தாளையோ ஃபோட்டோ எடுக்கட்டும், அதுல இருக்கற வார்த்தைல இந்த லிஸ்ட்டுல வர்றது எது, அவரு பாடத்துக்கே உரியது எதுனு ஆப் பிரிச்சுக் காட்டட்டும், அவரு தொட்டது மட்டும் கார்டா மாறட்டும், அந்த ஸ்லைடுல வந்த வாக்கியத்தோடயே. சொந்த பாடத்துல இருந்து வந்த வார்த்தைய மறக்கறது கஷ்டம்.

அதுலயும் அசைன்மென்ட் கேள்வில வர்ற வினைச்சொல்லுக்கு தனி எடம் குடுங்க. டிஸ்க்ரைப்னா இருக்கறத இருக்கற மாதிரி எழுதறது, அனலைஸ்னா பிரிச்சு எது எதோட எப்படி சேருதுனு காட்டறது, எவாலுவேட்னா கடைசில ஒரு தீர்ப்பு சொல்லியே ஆகணும். டிஸ்கஸ்னு இருந்தா நிறைய பேர் தெரிஞ்சதெல்லாம் எழுதி வெப்பாங்க, ரெண்டு பக்கத்து வாதத்தையும் வெச்சு எடை போடணும்னு தெரியாது. பாடம் தெரிஞ்ச புள்ளைங்க மார்க்க கோட்ட விடற எடம் இது, இதுக்கு மட்டும் ஒரு குட்டி ஆப் பண்ணாலே நான் வாங்குவேன்.

திரும்பத் திரும்ப கேக்கற அல்காரிதம் பத்தி உங்க ஃப்ரெண்டுக்கு ஒரு வார்த்தை: புதுசா எழுத வேணாம்னு சொல்லுங்க. மறதி எந்த வேகத்துல நடக்குதுனு எபிங்ஹாஸ்ங்கற ஜெர்மன் உளவியலாளர் 1885லயே தன்னையே வெச்சு சோதிச்சு எழுதிட்டார், இடைவெளி விட்டு கேக்கற கணக்க கம்ப்யூட்டர்ல எஸ்எம்2ங்கற பேர்ல 1987லயே போட்டாச்சு, அதுக்கப்புறம் எஃப்எஸ்ஆர்எஸ்னு இன்னும் தேறின ஒண்ணு ஓபன் சோர்ஸாவே இருக்கு. எடுத்துப் போட்டுட்டு அடுத்த வேலய பாக்கச் சொல்லுங்க. கோடிங் பண்றவங்களுக்கு இந்த எடத்துல ஒரு ஆசை வரும், சொந்தமா ஒண்ணு செஞ்சு பாக்கலாம்னு, ரெண்டு மாசம் அதுலயே போயிடும், நான் பாத்திருக்கேன்.

கேக்கற பயிற்சில பெரும்பாலான ஆப் பண்ற தப்பு என்னன்னா, மெஷின் குரல், இல்ல ஸ்டூடியோல ஒருத்தர உக்கார வெச்சு நிறுத்தி நிதானமா பேச வெச்ச குரல். வெளில யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. 'வாட் டு யூ வான்ட் டு டூ'னு நம்ம காது எதிர்பாக்கும், எதிராளி வாயில இருந்து வர்றது 'வாடய வானடூ'. வார்த்தைக்கு நடுவுல இடைவெளிங்கறது எழுத்துலதான் இருக்கு, பேச்சுல கெடையாது. ஜப்பானியர்களுக்கு ஆர், எல் ரெண்டு ஒலிக்கும் வித்தியாசம் கேக்க வெக்கற சோதனைகள 1990கள்ல பண்ணாங்க, பல பேரோட குரல்ல பயிற்சி எடுத்தவங்க அதுவரைக்கும் கேக்காத புதுக் குரல்லயும் கண்டுபுடிச்சாங்க, ஒரே குரல்ல பயிற்சி எடுத்தவங்களுக்கு அந்தக் குரலோட நின்னுடுச்சு. உங்களுக்கு இதுல வேற சவாலும் இருக்கு, யுனிவர்சிட்டில பாடம் எடுக்கறவங்கள்ல நெறைய பேருக்கு இங்கிலீஷ் தாய்மொழியே கெடையாது. சீன, ஜெர்மன், நைஜீரிய, இந்திய உச்சரிப்பு எல்லாத்துலயும்தான் லெக்சர் நடக்கும். அதனால குரல் சேத்தா இருவது பேரு, வயசானவங்க, வேகமா பேசறவங்க, வார்த்தைய முழுங்கறவங்க எல்லாம் வேணும். வேகத்த குறைக்கற பட்டன மறைவா வெச்சுட்டு, அஞ்சு செகண்ட் பின்னாடி போற பட்டன பெருசா வெய்யுங்க. சப்டைட்டில் முதல் தடவ வரக் கூடாது, ரெண்டாவது தடவ கேட்டப்புறம் வரட்டும், இல்லன்னா படிச்சுட்டு கேட்டதா நெனச்சுப்பாங்க.

உச்சரிப்புக்கு மார்க். இதுல நானே சூடு பட்டவன். நாங்க பண்ண ஒரு ஆப்ல வாக்கியம் சொன்னா நூத்துக்கு இத்தனனு காட்டும், அம்பதுக்கு கீழ போனா செகப்பு. ஒரு மாணவர் ஒரே வாக்கியத்த பதினொரு தடவ சொன்னார், 42, 45, 41, 44னு வந்துட்டே இருந்துச்சு, பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு முதல் தடவையே தெளிவா புரிஞ்சுது. பன்னெண்டாவது தடவ ஃபோன கவுத்து வெச்சார், அதுக்கப்புறம் அந்த ஆப்ப தொறக்கவே இல்ல. எங்க மெஷினுக்கு அவர் உச்சரிப்பு பழக்கமில்ல, அவ்ளோதான் விஷயம், ஆனா அந்த 42 அவரோடதாவே மனசுல பதிஞ்சிடுச்சு. 2020ல அமெரிக்காவுல பெரிய கம்பெனிகளோட அஞ்சு குரல் அறியும் சிஸ்டங்கள சோதிச்சாங்க, வெள்ளையர் பேச்சுல நூறு வார்த்தைக்கு சராசரியா 19 தப்பு, கறுப்பினத்தவர் பேச்சுல 35. அவங்க அந்த மொழியிலயே பொறந்து வளந்தவங்க, அவங்களுக்கே இந்த கதின்னா வெளில இருந்து வர்றவங்க நெலமைய நெனச்சுக்கோங்க.

மன்றோ, டெர்விங்னு ரெண்டு பேரு 1995லயே காட்டிட்டாங்க, உச்சரிப்புல அந்நிய வாடை எவ்ளோ இருந்தாலும் கேக்கறவருக்கு புரியறதுக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இல்லனு. ஆக உச்சரிப்ப மாத்தற வேலையே வேணாம், புரியாம போற எடத்த மட்டும் புடிங்க. அது தாய்மொழிக்கு தாய்மொழி மாறும். அரபி பேசறவங்களுக்கு பென்ல வர்ற ப-வும் பஸ்ல வர்ற ப-வும் குழம்பும்னு நான் எழுதினா தமிழ்ல அது தெரியவே தெரியாது பாருங்க, நம்ம எழுத்துக்கே அந்த வித்தியாசம் இல்ல. 'பார்க்'குனு நாம ஒரே மாதிரி எழுதற ரெண்டு வார்த்தைல ஒண்ணு பூங்கா, இன்னொண்ணு நாய் குலைக்கறது. அரபிக்காரருக்கு வாயில அந்த சிக்கல், வியட்நாம்காரருக்கு வார்த்தைக் கடைசில வர்ற மெய்யெழுத்து போயிடும், ஸ்பானிஷ் பேசறவர் ஸ்கூலுக்கு முன்னாடி ஒரு எ சேப்பார். ஆரம்பத்துல தாய்மொழி என்னனு ஒரு கேள்வி கேட்டுட்டு, அதுக்கேத்த நாலு ஒலிய மட்டும் குடுங்க போதும்.

இன்னொரு டெக்னிக்கல் விஷயம், பேச்ச எழுத்தா மாத்த விஸ்பர் மாதிரி மாடல போடலாம்னு உங்க ஃப்ரெண்டு சொல்லுவார், 2022ல ஓபன் சோர்ஸா வந்தது, நல்லாவே வேல செய்யும். ஆனா அது ம்ம், ஆஆ மாதிரி இழுவையெல்லாம் பல நேரம் விட்டுடும், சில நேரம் கிராமர் தப்பையும் சரி பண்ணியே எழுதிடும். பேச்ச புரிஞ்சுக்க அது நல்லது, தப்ப காட்டறதுக்கு அத நம்பினா மாணவர் பண்ண தப்பு உங்க கண்ணுக்கே வராது. அமைதியா இருந்தா சொல்லாத வாக்கியத்த கூட சில சமயம் எழுதும், அதயும் பாத்துக்கோங்க.

ஏஐ சாட் வேணாம்னு சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வெக்கப்படாம பேசிப் பாக்க அதவிட ஆளு கெடையாது. பிரச்சனை என்னன்னா அது ரொம்ப நல்லவன். நீங்க எப்படி ஒளறினாலும் புரிஞ்சுக்கும், முடிக்கற வரைக்கும் காத்திருக்கும், எல்லாத்துக்கும் க்ரேட் க்வெஸ்சன்னு சொல்லும். அதுகூட ஆறு மாசம் பேசிட்டு நிஜ மனுஷன்கிட்ட போனா அந்தாளு 'வாட்?'னு மூஞ்ச சுளிப்பார், நம்மாளு திரும்ப ரூமுக்கு ஓடிடுவார். அதனால அத கொஞ்சம் கெட்டவனா ஆக்குங்க, நடுவுல குறுக்கிடட்டும், தப்பா காதுல வாங்கட்டும், அவசரத்துல இருக்கட்டும். கிராமர் விளக்கம் கேட்டா அது தப்பாவும் சொல்லும், ஆனா ரொம்ப உறுதியா சொல்லும், அதனால விளக்கத்த ஒரு டீச்சர வெச்சு முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க, பேச்சுத் துணைக்கு மட்டும் ஏஐ. அப்புறம் மாணவரோட அசைன்மென்ட்ட அது எழுதிக் குடுக்கற வழி இருக்கவே கூடாது. ஒரு பாராவ ஒட்டினா 'இந்த வாக்கியத்துல நீங்க சொல்ல வர்றது என்ன'னு கேக்கலாம், திருத்தி எழுதின பாராவ நீட்டக் கூடாது, அது மாட்டினா போறது அவரு படிப்பு, சில நேரம் விசாவும்.

ஆப் பேசற மொழி பத்தி சண்ட வரும். எல்லாமே இங்கிலீஷ்ல இருந்தாத்தான் கத்துப்பாங்கனு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு, வாத்தியாரா இருந்தப்ப நானும் அந்த கட்சிதான், இப்ப இல்ல. பயிற்சி இங்கிலீஷ்ல இருக்கட்டும், என்ன பண்ணணும்ங்கற குறிப்பும் பட்டனும் தாய்மொழில மாத்திக்கற வசதியோட இருக்கட்டும், பதட்டத்துல இருக்கறவங்ககிட்ட ரெண்டு பரீட்சை ஒண்ணா வெக்க வேணாம். அரபி, உருது மாதிரி வலப்பக்கத்துல இருந்து எழுதற மொழிக்கு ஸ்க்ரீனே திரும்பணும், அத முதல் நாள்ல யோசிக்கலன்னா பின்னாடி எல்லா ஸ்க்ரீனையும் திருப்பி வரையணும்.

மிச்சத்த வேகமா சொல்லிடறேன். நெட் இல்லாம ஓடணும், பஸ்ல, பேஸ்மென்ட் க்ளாஸ்ல, மாசக் கடைசில டேட்டா தீந்தப்ப. ஆடியோவ ஓபஸ் ஃபார்மட்ல 24 கேபிபிஎஸ்ல வெச்சீங்கன்னா ஒரு நிமிஷத்துக்கு 180 கேபிதான், பேச்சுக்கு தாராளமா போதும். ஒரு கையில பைய புடிச்சுட்டு கட்டைவிரல்ல தட்டறவங்களுக்காக பட்டன் 48 டிபிக்கு (ஸ்க்ரீன்ல அளவு சொல்ற யூனிட்) குறையக் கூடாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5க்கு 1னாவது இருக்கட்டும். மைக் பர்மிஷன ஆப் தொறந்ததும் கேக்காதீங்க, ஐஃபோன்ல ஒரு தடவ மாட்டேன்னு தட்டிட்டா நீங்க திரும்ப கேக்கவே முடியாது, அவங்களா செட்டிங்ஸ்க்கு போய் மாத்தணும், யாரு போவா? முதல் தடவ மைக் பட்டன தொடும்போது, எதுக்குனு ஒரு வரி சொல்லிட்டு கேளுங்க. குரல் பதிவு ஃபோன்லயே இருக்கட்டும், சர்வருக்கு வர வேணாம். ஒருத்தரோட குரல் அவரோட தனிப்பட்ட தகவல், ஐரோப்பாவுல 2018ல இருந்து தனிப்பட்ட தகவல பாதுகாக்கற ஜிடிபிஆர் சட்டம் இருக்கு, ரெண்டு பேரு நடத்தற கம்பெனி அந்த தலைவலிய தாங்காது.

கடைசியா அந்த 12 பேரு. சூப்பர்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க, சொல்லாம என்ன பண்ணுவாங்க தம்பி, எதிர்ல ஆசையா உக்காந்திருக்கற பையன்கிட்ட நல்லா இல்லனு சொல்ல யாருக்கு மனசு வரும்? நல்லா இருக்கானு கேக்கறத விடுங்க. போன வாரம் இங்கிலீஷ்ல பேச வேண்டியிருந்து பேசாம விட்டது எதுனு கேளுங்க, கடைசியா ப்ரொஃபசருக்கு அனுப்பின மெயில் எத்தன தடவ அழிச்சு எழுதினீங்கனு கேளுங்க, முடிஞ்சா காட்டச் சொல்லுங்க. ஆப், வெப்சைட் எல்லாம் பயன்படுத்த எவ்ளோ ஈசினு ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சன் 2000ல எழுதினார், அஞ்சு பேர்கிட்ட டெஸ்ட் பண்ணாலே பெரும்பாலான சிக்கல் வெளிய வந்துடும்னு. உங்க விஷயத்துல அந்த அஞ்சு பேரும் அஞ்சு தாய்மொழிக்காரங்களா இருக்கணும், அதான் முக்கியம், உங்க 12 பேரும் ஒரே ஊர் ஃப்ரெண்ட்ஸா இருந்தா அது ஒரு ஆள்கிட்ட கேட்ட மாதிரிதான்.

முதல் மூணு வாரம் கோடே வேணாம். நான் மேல சொன்ன அந்த அஞ்சு ஸ்க்ரீன பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டு போங்க, ப்ரொஃபசர் குரல நீங்களே பேசுங்க, உங்க ஃப்ரெண்டு பக்கத்துல உக்காந்து எந்த எடத்துல தலையாட்டறாங்கனு மட்டும் குறிச்சுக்கட்டும். அதுல ரெண்டு பேராவது அடுத்த நாள் நெஜமாவே போய் கேட்டுட்டு வந்தாங்கன்னா அந்த குறிப்ப எனக்கு அனுப்புங்க, அங்க இருந்து ஆறாவது ஸ்க்ரீன் என்னனு பேசலாம். யாருமே போகலன்னாலும் அனுப்புங்க, ஏன் போகலனு அவங்க சொன்னத அவங்க வார்த்தைலயே எழுதி.